மண்ணுக்குள்ள கிடைச்ச பழைய தீட்டுக்கல்லைக் காட்ட ஒரு நல்ல இடம்: பழைய சோனகத் தெரு சாணைக்கடை

வீடு இடிக்கேக்க, பைப்புக்கு வெட்டேக்க, தோட்டம் கொத்தேக்க தேய்ஞ்ச கல்லு ஏதாவது வந்து, இது கத்தி தீட்டினதா சும்மா கல்லா எண்டு தெரியாம வைச்சிருக்கிறீங்களெண்டா, கொழும்பில அதைக் கொண்டுபோய்க் காட்டுறதுக்கு நான் நம்பிச் சொல்லக்கூடிய ஒரு இடம் இருக்கு. புறக்கோட்டைப் பக்கம் பழைய சோனகத் தெருவில இருந்து உள்ளுக்க போற ஒரு ஒழுங்கையில இருக்கிற சாணைக்கடை. கடைக்காரர் தன்ட பேரும் கடைப் பேரும் போட வேண்டாம் எண்டவர், அதால போடேல்ல. அந்தத் தெருவில ஆணி, பூட்டு, பைப் விக்கிற எந்தக் கடையிலயும் "சாணை பிடிக்கிற நானா எங்க" எண்டு கேட்டீங்களெண்டா கையைக் காட்டுவினம். நானா எண்டா அண்ணன், இனி நானும் அவரை அப்பிடியே சொல்லுறன்.

அவற்ற தொழில் கத்தி, கத்தரிக்கோல், தையல்காரற்ற பெரிய கத்திரி, உளி, இறைச்சிக்கடைக் கத்தி எல்லாம் தீட்டிக் குடுக்கிறது. கல்லு அடையாளம் சொல்லுறது ஒரு சேவையா போர்ட்டில எழுதியிருக்கிற விசயமில்ல, காசும் வாங்குறதில்ல. ஆனா சின்ன வயசில இருந்து கல்லுக்கு மேலயே கையை வைச்சிருந்த மனுசன், வாப்பாவும் இதே தொழில், அதால ஒரு கல்லைக் கையில எடுத்த உடன அதில என்ன நடந்திருக்கு எண்டு அவருக்குத் தெரியுது. எனக்கு இந்தக் கடை இவ்வளவு பிடிச்சதுக்குக் காரணம் அது மட்டுமில்ல. தெரியாததை "இத கண்ணால சொல்ல ஏலா" எண்டு நேராச் சொல்லுறார். பழைய சாமான் பாக்கிற ஆக்களிட்ட நான் காணாத குணம் அது.

நாங்கள் கொண்டுபோனது கொட்டாஞ்சேனையில அம்மம்மா வீட்டுப் பின்வளவில தண்ணிப் பைப்புக்குக் கான் வெட்டேக்க வந்த கல்லுகள். அதோட யாழ்ப்பாணத்து வளவில இருந்து மாமா எப்பவோ கொண்டுவந்து அலுமாரிக்குள்ள வைச்ச ஒண்டையும் சேர்த்துக் கொண்டுபோனம். மேசன் பாஸ் எல்லாத்தையும் ஒரு உரப்பையில போட்டு வைச்சிருந்தவர், மண்ணோடயே அப்பிடியே கொண்டுபோனது நல்லதாப் போச்சு. ஏனெண்டா நானா பையைத் திறந்த உடன முதல் சொன்னதே "கழுவாம கொண்டு வந்தீங்களே தங்கச்சி, அது போதும்" எண்டதுதான். பிறகு கல்லைப் பாக்க முந்தி கேள்வி கேட்டவர், எங்க கிடந்தது, எவ்வளவு ஆழம், கூட என்ன வந்தது, மண் என்ன நிறம். நீல வெள்ளைக் கோப்பைத் துண்டும் போத்தில் கண்ணாடியும் துருப்பிடிச்ச ஆணியும் கூட வந்தது எண்டு சொல்ல, "அப்ப கோப்பைத் துண்டுதான் உங்களுக்கு வயசு சொல்லும், கல்லு சொல்லாது" எண்டார். இது எனக்குப் பெரிய பாடம். கல்லு எத்தினையோ கோடி வருசத்துக்கு முந்தினதா இருக்கலாம், அதில தீட்டினது போன தலைமுறையா இருக்கலாம். அதால கல்லை மட்டும் பாத்துக் காலம் சொல்லுற ஆளை நம்பக் கூடாது.

இனி அவர் பாக்கிற முறை. இதைக் கொஞ்சம் விரிவா எழுதுறன், கடைக்குப் போக முடியாத ஆக்களுக்கும் உதவும். ஆத்துக் கல்லு எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வழுவழுப்பா இருக்கும், தண்ணி எந்தப் பக்கமும் விடாமல் உருட்டியிருக்கும். தீட்டின கல்லு அப்பிடியில்ல, ஒரு முகமோ ரெண்டு முகமோ தேய்ஞ்சிருக்கும், மிச்சப் பக்கம் உடைச்ச மாதிரியோ வெட்டின மாதிரியோ சொரசொரப்பாவே இருக்கும், தேய்ஞ்ச முகத்துக்கும் தேயாத முகத்துக்கும் நடுவில ஒரு தெளிவான ஓரம் தெரியும். பிறகு நடுப்பகுதி. கத்தியை முன்னுக்கும் பின்னுக்கும் இழுக்கிறவன்ட கை நடுவிலதான் கூட அழுத்தும், அதால நீளவாக்கில நடு பள்ளமாகும், ரெண்டு முனையும் உயர்ந்து நிக்கும். ஸ்கேல் ஒண்டை நெட்டுக்கு மேல வைச்சு வெளிச்சத்துக்குப் பிடிச்சா கீழால வெளிச்சம் தெரியும், அதைத்தான் நானா முதல் செய்தவர். கையில பிடிச்சுத் தீட்டின சின்னக் கல்லெண்டா ரெண்டு பக்கமும் நடு மெலிஞ்சு இடுப்பு மாதிரி வந்திருக்கும், சிலது அந்த இடத்திலயே முறிஞ்சு போயிருக்கும், எங்களுக்குக் கிடைச்ச ஒண்டு அப்பிடி முறிஞ்ச பாதிதான்.

கீறல் பாக்கிறதுக்கு அவர் டோர்ச்சைச் சரிச்சுப் பிடிக்கிறார். நேர மேல இருந்து அடிச்சா ஒண்டும் தெரியாது, பக்கத்தால தாழ்வா வெளிச்சம் விழோணும். அப்ப ஒரே திசையில மெல்லிய கீறல் ஓடுறது தெரியும். தாறுமாறாக் கிடந்தா அது மண்வெட்டியோ அலவாங்கோ பட்டது, புதுசா வெள்ளையாத் தெரியிற கீறல் அண்டைக்கு மேசன் போட்டது. ஒடுக்கமான கோடு மாதிரிக் குழி இருந்தா ஊசி, கம்பி, உளிமுனை மாதிரிக் கூரான சாமான் தீட்டினது. ஒரு முனையில துளை இருந்தா இடுப்பிலயோ ஆணியிலயோ தொங்கவிட்ட கல்லு.

அம்மிக்கும் தீட்டுக்கல்லுக்கும் வித்தியாசம் சொன்ன இடம்தான் எனக்கு மிச்சம் பிடிச்சது. எங்களிட்ட இருந்த பெரிய தட்டைக் கருங்கல்லுத் துண்டு நடுப் பள்ளமா இருந்ததால நாங்கள் அது பெரிய தீட்டுக்கல்லு எண்டுதான் நினைச்சுக்கொண்டு போனது. நானா ஈரத்துணியால ஒரு மூலையை மட்டும் துடைச்சு லென்சைக் கையில தந்து பாக்கச் சொன்னவர். மேற்பரப்பில சின்னச் சின்னக் குழி, ஒரே அளவு இடைவெளியில. அம்மி கொத்துறவை உளியால கொத்தின அடையாளம். முந்தி தெருத் தெருவா "அம்மி கொத்துறதோ" எண்டு கூப்பிட்டுக்கொண்டு வருவினமாம், அம்மா இப்பவும் சொல்லுவா. அம்மி வழுவழுப்பாப் போனா மிளகாய் அரைபடாது, வழுக்கும், அதால கொத்துவிக்கோணும். தீட்டுக்கல்லை ஆரும் அப்பிடிக் கொத்துறதில்ல, குழி இருந்தா கத்தியின்ட வாய் முறிஞ்சு போகும். இந்த ஒரு விசயத்தை வைச்சே ரெண்டையும் பிரிச்சுப்போடலாம். ஆனா அதே துண்டின்ட ஓரத்தில ஒரு இடம் மட்டும் வழுவழுப்பாத் தேய்ஞ்சிருந்தது, அதையும் காட்டி "உடைஞ்ச பொறகு ஆரோ கத்தியும் தீட்டி ஈக்குறாங்க" எண்டவர். கிணத்துக்கட்டு, வாசல்படி, உடுப்புத் தோய்க்கிற கல்லு எல்லாத்திலயும் எங்கட ஆக்கள் கத்தி தீட்டினவைதானே, அதால ஒரு கல்லுக்கு ஒரு வேலைதான் இருந்தது எண்டு நினைக்கக் கூடாது.

அடுத்தது இயற்கைக் கல்லா செய்த கல்லா எண்டது. இதுக்கு பத்து மடங்கு பெருப்பிக்கிற சின்ன லென்ஸ் போதும், மாணிக்கக்கல் வியாபாரம் செய்யிற ஆக்கள் கண்ணில வைச்சுப் பாக்கிறது. செய்த கல்லில மணிமணியான துகள் எல்லாம் ஒரே அளவா, நடுவில சின்னத் துளையோட, வெளிச்சத்துக்கு மினுங்கும், மூலைகள் அச்சில வார்த்த மாதிரி நேரா இருக்கும். ஒரு பக்கம் சொரசொரப்பு மற்றப் பக்கம் நைசு, நடுவில கோடு போட்ட மாதிரி ரெண்டும் ஒட்டியிருந்தா அது பெரும்பாலும் ஃபக்டரிக் கல்லு. கறுப்பு சாம்பல் நிறத்தில மினுங்கினா காபொரண்டம், அதாவது சிலிக்கன் காபைட். இதை அமெரிக்காவில எட்வர்ட் அச்சிசன் எண்டவர் 1891இல, செயற்கை வைரம் செய்யப் பாத்து, களிமண்ணையும் கரித்தூளையும் சேர்த்துக் கரண்டால சூடாக்கேக்க கண்டுபிடிச்சவர். 1893இல காப்புரிமையும் கிடைச்சது. அப்ப உங்கட கல்லு அந்த வகையெண்டா எவ்வளவு ஆழத்தில கிடந்தாலும் அதுக்கு முந்தினதா இருக்கவே முடியாது. மண்ணிறம், செம்மஞ்சள் மாதிரி நிறத்தில எண்ணெய் ஊறின செய்த கல்லு வந்தா பெரும்பாலும் அலுமினியம் ஒக்சைட், நோர்ட்டன் கம்பனி இந்தியா எண்ட பேரில வித்த வகை. பேர்தான் இந்தியா, கல்லு அமெரிக்காவில செய்தது.

எங்கட பையில இருந்த ஒண்டு தார் பூசின செங்கட்டி மாதிரிக் கறுப்பாக் கிடந்தது, நாங்கள் எறியத்தான் இருந்தம். அது கூட வந்த சாமான்களையும் அறுத்த நேர் விளிம்பையும் பாத்த பிறகுதான், இது தொல்பொருள் சாதி இல்ல, கழுவலாம் எண்டு சொல்லி நானா தன்னட்ட விட்டுட்டுப் போகச் சொன்னவர். மண்ணெண்ணெயில ஊறப்போட்டு, பழைய டூத்பிரஷால தேய்ச்சு, பிறகு சோப்புத் தண்ணி, திரும்ப மண்ணெண்ணெய் எண்டு மாறி மாறிச் செய்திருக்கிறார். திருப்பித் தரேக்க பால் நிறத்தில, அங்கங்க துரு மாதிரி மஞ்சள் ஓட்டத்தோட வடிவா இருந்தது, நம்பவே முடியேல்ல. காஞ்ச மூலையில ஒரு துளி தண்ணி விட்டா மெல்ல உறிஞ்சுது, கத்தி முனையால கீறினா கல்லில காயம் வராம உருக்குத்தான் சாம்பல் கோடாத் தேய்ஞ்சு ஒட்டுது. உருக்கை விட உரமான சிலிக்காக் கல்லு எண்டதுக்கு அதுதான் அடையாளம். அமெரிக்காவின்ட ஆர்கன்சா மாநிலத்துப் பக்கம் வெட்டின வாஷிட்டா வகையா இருக்க வாய்ப்புக் கூட எண்டு சொன்னவர், "சத்தியம் பண்ண ஏலா" எண்டும் சேர்த்துச் சொன்னவர். தச்சாசாரிமாருக்கு முந்தி இந்தக் கல்லெண்டா உயிர் எண்டும் சொன்னார்.

நிறுவைக் கணக்கு ஒண்டும் சொல்லித் தந்தவர், வீட்டில கேக் செய்யிற டிஜிட்டல் தராசு இருந்தாலே காணும். கல்லைக் காய வைச்சு நிறுக்கோணும், பிறகு தராசில தண்ணிப் பாத்திரத்தை வைச்சுப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து, கல்லை நூலில கட்டி அடியில முட்டாம முழுசா மூழ்க விடோணும், அப்ப தராசு காட்டுறதுதான் தண்ணியில குறைஞ்ச அளவு. காத்தில உள்ள நிறையை, தண்ணியில குறைஞ்ச அளவால பிரிக்கிறது. 300 கிராம் கல்லுக்குத் தராசு 125 காட்டினா விடை 2.4, அதாவது கல்லு தண்ணியை விட 2.4 மடங்கு பாரம். சுத்தமான குவாட்ஸ், அதாவது வெங்கச்சங்கல்லு, 2.65, துளையுள்ள சிலிக்காக் கல்லுகள் அதுக்குக் கீழ வரும். பெல்ஜியத்தில இருந்து வந்த மஞ்சள் கொட்டிக்கூல் கல்லு, முந்தி சவரக்கத்தி தீட்டினவை விரும்பினது, அதுக்குள்ள கார்னட் துகள் நிறைய இருக்கிறதால 3ஐ அண்டியோ கூடவோ வரும். இது ஒண்டை மட்டும் வைச்சு முடிவு சொல்ல முடியாது, ஆனா பாத்த கணத்தில ஒரே மாதிரித் தெரியிற ரெண்டு கல்லைப் பிரிக்கிறதுக்கு நல்ல வழி.

மாமாவின்ட யாழ்ப்பாணத்துக் கல்லு வேற கதை. குடாநாடு முழுக்க அடியில சுண்ணாம்புக் கல்லு, அது கத்தி தீட்ட உதவாது, மெதுமை. அதால அங்க வளவில உரமான கருங்கல்லோ வெங்கச்சங்கல்லோ மண்ணுக்குள்ள கிடந்தா அதை ஆரோ வெளியில இருந்து கொண்டு வந்திருக்கோணும், வன்னிப் பக்கமோ கடல் தாண்டியோ. இந்த ஒரு உண்மையாலயே யாழ்ப்பாணத்தில கிடைக்கிற ஒவ்வொரு உரக்கல்லும் கவனிச்சுப் பாக்க வேண்டிய சாமான் எண்டு நான் நினைக்கிறன். கொழும்பில நிலம் வேற, மேல கபுக் எண்ட செம்புறைக்கல்லு, அடியில கருங்கல்லு. இலங்கையின்ட பெரும்பகுதிப் பாறை ஆழத்தில வெந்து மாறின பழைய பாறை, மணி பெருத்தது. பலகை பலகையா உரியிற நைசான சிலேட் மாதிரிக் கல்லு இஞ்ச மண்ணில தானா வாற சாமானில்ல. எங்கட இடுப்பு முறிஞ்ச சாம்பல் பச்சைக் கல்லு அந்த வகை, அப்ப அது துறைமுகத்தால வந்திருக்கும். எந்த நாடு எண்டு கேட்டதுக்கு, வெளிநாட்டில சிலேட் வெட்டின இடம் நிறைய ஈக்குது, மைக்ரோஸ்கோப்பில வெட்டிப் பாக்காம பேர் சொல்லுறவன் கதை விடுறான் எண்டார்.

கடைசியா ஒரு குட்டிக் கறுப்புக் கல்லு, சோப்புக்கட்டியிலும் சின்னன். அதைத் தீட்டுக்கல்லு எண்டு அவர் சொல்லேல்ல, கீறலும் பள்ளமும் இல்ல, வழுவழுப்பு மட்டும். செட்டியார் தெருவில அவருக்குத் தெரிஞ்ச பத்தர் ஒராளிட்ட அனுப்பினவர். அந்த ஐயா பாத்த உடன "உரைகல்லம்மா இது" எண்டு தன்ட மேசையில இருந்ததைப் பக்கத்தில வைச்சுக் காட்டினவர், நகையை உரசி வாற கோட்டின்ட நிறத்தை வைச்சு மாத்துப் பாக்கிறது. மண்ணுக்குள்ள கிடைக்கிற சின்ன, தேயாத, கறுப்பு நைசுக் கல்லுகளைத் தீட்டுக்கல்லு எண்டு அவசரப்பட்டு முடிவெடுக்காதேங்கோ, அதுவும் கழுவ முந்தி பாருங்கோ. பழைய கல்லின்ட நுண்ணிய துளையில ஒட்டியிருக்கிற உலோகத் துகளை மைக்ரோஸ்கோப்பில பாத்து அது இரும்பு தீட்டினதா பொன் உரைச்சதா எண்டு ஆராய்ச்சியாளர் சொல்லீனம், நாங்கள் கம்பி பிரஷ் போட்டா அந்தச் சாட்சி போயிடும்.

இதே கல்லுகளின்ட படத்தை நான் முதல் ஒன்லைனில பழைய சாமான் வாங்கி விக்கிற ஒராளுக்கு அனுப்பியிருந்தன். ஒரு கேள்வி கேக்கேல்ல, "ரெண்டாயிரம் வருசம், நல்ல விலைக்கு எடுக்கலாம், ஆருக்கும் காட்ட வேண்டாம்" எண்டு பதில் வந்தது. அந்தக் கடைசி வசனத்தை வாசிச்ச உடன அந்தக் கதையை நிப்பாட்டிப்போட்டன். நானா கல்லு வாங்குறதும் இல்ல விக்கிறதும் இல்ல, விலை கேட்டாலும் சொல்ல மாட்டார். பழசு எண்டு சந்தேகம் வந்தா தன்ட மேசையில வைச்சிருக்கவும் விரும்புறதில்ல, தொல்பொருள் திணைக்களத்துக்குக் கொண்டு போங்க எண்டுதான் சொல்லுவார். அது சரியான புத்திமதி. 1940ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தினது எண்டு நியாயமா நம்பக்கூடிய சாமான் தொல்பொருள் கணக்கில வரும். கிடைச்சா அறிவிக்கோணும், இன்னும் கிடைக்குமோ எண்டு அனுமதியில்லாம தோண்டவும் கூடாது. காபொரண்டக் கல்லுக்கு இந்தப் பயமே இல்ல, 1891ஐ நினைச்சுக்கொள்ளுங்கோ. இயற்கைக் கல்லு, கூட வந்தது பழைய மண்பானை ஓடு, சாம்பல், எலும்பு எண்டா மேல கை வைக்காம, கிடந்த இடத்தையே படம் எடுத்து அறிவிக்கிறது நல்லம்.

திணைக்களம் கொழும்பு 7, சேர் மார்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில, தேசிய நூதனசாலைக்குப் பக்கத்தில. போற ஆக்கள் நூதனசாலைக்குள்ளயும் ஒருக்கா போங்கோ. கவர்னர் வில்லியம் கிரகரி 1877இல திறந்த கட்டடம் அது. கல் ஆயுதங்கள் வைச்சிருக்கிற பகுதியில கொஞ்ச நேரம் நிண்டு பாத்தா ஒரு முக்கியமான வேறுபாடு கண்ணுக்குப் பழகும். இலங்கையின்ட கற்கால மனிசர் செய்த சின்னச் சின்னக் கல்லுக் கருவிகள் பெரும்பாலும் குவாட்ஸிலயும் சேர்ட் எண்ட நைசான சிலிக்காக் கல்லிலயும் தட்டிச் சில்லுச் சில்லா உடைச்சு எடுத்தது, விளிம்பு கூரா இருக்கும். அது வெட்டுற சாமான். தீட்டுக்கல்லு தேய்ஞ்சு மழுங்கின சாமான். தட்டினதா தேய்ச்சதா எண்ட கேள்வியைக் கையில கிடைச்ச எந்தக் கல்லுக்கும் முதல் கேளுங்கோ.

சாணை வேலையைப் பற்றியும் சொல்லோணும், கடை அதுக்குத்தானே. என்ட சமையல் கத்தியும் அம்மாவின்ட தையல் கத்திரியும் குடுத்தன். மிசின் சில்லில பொறி பறக்க விட்டுக் குடுக்கிற இடங்களில கத்தி சூடாகி வாய் நீலமாப் போகும், பிறகு கூர் நிக்காது. இவர் கத்தி முறிஞ்சிருந்தா மட்டும் சில்லில கொஞ்சம் பிடிச்சு, உடனுக்குடன் தண்ணியில தோய்ச்சு, மிச்சம் முழுக்கக் கையால கல்லில. தக்காளித் தோல் அழுத்தாமலே வெட்டுப்படுது, கத்திரி துணியை இழுக்காம வெட்டுது. விலை கத்தியைப் பாத்து முன்னுக்கே சொல்லுவார், பேரம் பேசுறதுக்கு ஒண்டுமில்ல, நியாயம்.

குறையும் இருக்கு. காத்திருக்க இடமில்ல, ஒரு ஸ்டூல்தான், அதிலயும் ஆராவது இறைச்சிக்கடைத் தம்பி இருப்பார். வேலை கூடின நாளில கல்லுப் பாக்கச் சொல்லிக் கேட்டா "பொறகு வாங்க" எண்டுடுவார், கோவிக்கக் கூடாது, தொழில்தான் முதல். போனில படம் அனுப்பினா பாக்க மாட்டார், கையில எடுத்தால்தான் சொல்லுவார். கார்ட் எடுக்கிறதில்ல. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரம் பூட்டு, ஞாயிறு முழுநாளும் பூட்டு. வாகனம் விட இடம் கிடைக்காது, வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கத்தால வாற ஆக்கள் 100 இல்லாட்டி 101 பஸ்ஸில புறக்கோட்டைக்கு வந்து நடக்கிறது சுகம், நூதனசாலைப் பக்கம் போறதுக்கு 138. காலமைக் கடை திறந்த கையோட போங்கோ, கல்லை மண்ணோட பேப்பரில சுத்தி, எங்க எவ்வளவு ஆழத்தில எடுத்தது எண்டு மேல எழுதி, கூட வந்த ஓடு, ஆணி, கண்ணாடி எல்லாத்தையும் அதே பையில போட்டுக் கொண்டு போங்கோ.